ஹெஸ்டலுண்ட் கழகத்தின் ஜப்பானிய முறை

ஹெஸ்டலுண்ட் உதைபந்தாட்டக் கழகம் ஜப்பானிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரனை அரை வருட இரவலாக எடுத்தபோது, அவனைப் பின்வரிசையில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் எங்கே சோறு சாப்பிடுவான் என்பதைப் பற்றி மட்டும் இரண்டு கூட்டங்கள் நடந்தன.

டென்மார்க்கின் கோல்டிங்கில் காரை எடுத்தால் வானொலிச் செய்தி முடிவதற்குள் ஹெஸ்டலுண்ட் வந்துவிடும். ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், காற்றடிக்கும் திசையைப் பொறுத்துப் பன்றிப் பண்ணையின் மணம். இவற்றுக்கு நடுவே கழகத்தின் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கழகம் நாட்டின் இரண்டாம் பிரிவில், அதிலும் அடிப்பாதியில், காலம் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கு இந்த விடயம் தெரியாது.

கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளர் ஏஸ்கில் ரஸ்க். முன்பு சமையலறை அலுமாரி விற்கும் கம்பனி ஒன்றில் மேலாளராக இருந்தவர். "மனிதர்களும் அலுமாரிகளைப் போலத்தான். உள்ளே என்ன அடுக்குகிறோம் என்பதே முக்கியம்" என்று அவர் சொல்லுவார். அதைக் கேட்ட நிர்வாகசபை அவரை உடனே வேலைக்கு எடுத்தது. ஜப்பானியர்கள் சோறு சாப்பிடுவார்கள் என்று ரஸ்க் எங்கோ வாசித்திருந்தார். ஆகவே சோறு சாப்பிடும் குடும்பம் ஒன்றைத் தேடினார். கோல்டிங் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் விசாரித்தபோது குருசுமுத்துவின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது.

குருசுமுத்து ஜன்னல் தொழிற்சாலையில் வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே?" என்று டேனிஷில் ஒரு குரல் கேட்டது.

யாரோ அரிசி விற்கிறார்கள் என்று நினைத்த குருசுமுத்து, "எங்களிட்டை அரிசி கிடக்கு" என்றார்.

ரஸ்க் தன்னை அறிமுகப்படுத்தி, இருபது வயது ஜப்பானியன் ஒருவனுக்கு ஓர் ஆசிய இல்லம் தேவைப்படுவதாகச் சொன்னார்.

"நாங்கள் இலங்கை. மன்னார்."

"அதனால்தான் அழைக்கிறேன். இரண்டும் தீவுகள். தீவு மனநிலை என்று ஒன்று இருக்கிறது. நானே ஃபூன் தீவில் பிறந்தவன்."

குருசுமுத்து வீட்டுக்கு வந்து மனைவி அமலராணியிடம் விடயத்தைச் சொன்னார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அமலராணி அப்போதுதான் சீருடையோடு வந்து கதிரையில் சாய்ந்திருந்தாள்.

"தாய் தேப்பன் அங்கை இருக்க, அந்தப் பிள்ளை தனிய ஹோட்டலிலை கிடந்து சோறில்லாமல் வெறும் பாண் தின்னுறதோ? மூத்தவன் ஜோன்சன் கோப்பன்ஹேகனுக்குப் போனதிலையிருந்து அறை சும்மாதானே கிடக்கு. வரச்சொல்லுங்கோ."

"அவையள் எங்களை ஜப்பான்காரர் எண்டு நினைக்கினம் போல கிடக்கு."

"நினைச்சால் நினைக்கட்டும். பிள்ளைக்குப் பசிக்குந்தானே."

இப்படியாக கெய்த்தா இவாசே கோல்டிங்குக்கு வந்தான். உயரமான, ஒடிசலான பையன். வாசலில் குனிந்து வணங்கினான். சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தான். பிறகு அங்கே கிடந்த எல்லோருடைய சப்பாத்துகளையும் நேராக அடுக்கினான். அமலராணிக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. முதல் நாள் மீன்குழம்பைக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் சோற்றுக் கோப்பையை நீட்டினான்.

அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். டேனிஷைக் குருசுமுத்துவிடம் படித்தான். குருசுமுத்துவின் டேனிஷ் தொழிற்சாலையில் உருவானது. இலக்கணம் கிடையாது, வேகம் கிடையாது. அதனால் கெய்த்தாவுக்கு அது நன்றாக விளங்கியது.

அந்த டேனிஷில்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தன் கதையைச் சொன்னான். பாடசாலை அணியிலிருந்து ஜப்பானின் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று அவனை எடுத்தது. முதல் வருடத்தில் ஒரேயொரு கிண்ணப் போட்டியில் கடைசிக் கொஞ்ச நேரம் இறக்கினார்கள். மற்ற நாளெல்லாம் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தான். டென்மார்க்கில் விளையாடிப் பழகு என்று அனுப்பியிருக்கிறார்கள். இங்கே விளையாடினால் திரும்ப எடுப்பார்கள். விளையாடாவிட்டால் தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

"முடிஞ்சால்?" என்று கேட்டார் குருசுமுத்து.

"அப்பா சலூன்" என்றான் கெய்த்தா. விரல்களால் கத்தரிக்கோல் போலச் செய்து காட்டினான். "அப்பா சொல்றார், கதிரை ஒண்டு சும்மா கிடக்கு."

பதினேழு வயது மகள் யூலியானா அதைக் கேட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

அடுத்த வாரம் கழகத்தில் வரவேற்புக் கூட்டம் நடந்தது. மொழிபெயர்ப்பாளராகக் குருசுமுத்துவை அழைத்திருந்தார்கள். தனக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்று அவர் தொலைபேசியிலும், வாசலிலும், கதிரையில் இருந்த பிறகும் சொன்னார்.

"ஆசியப் பணிவு" என்றார் ரஸ்க் மற்றவர்களைப் பார்த்து. எல்லோரும் அந்தப் பணிவை ரசித்தார்கள். பிறகு அவர் எழுந்து பேசினார்.

"கெய்த்தா, இங்கே நாங்கள் பந்தை உதைப்பதில்லை. பந்தோடு ஓர் உரையாடலில் ஈடுபடுகிறோம். தோல்வி என்ற சொல்லைக் கழகம் நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாகத் தாமதமான வெற்றி என்கிறோம். சென்ற பருவத்தில் எங்களுக்கு ஏராளமான தாமதமான வெற்றிகள் கிடைத்தன. எந்தக் கழகத்துக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை. ஒரு தடுப்பாட்டக்காரன் எதைத் தடுக்கிறான்? பந்தையா? இல்லை. தன்னுடைய சொந்த வளர்ச்சியைத்தான். அதை நாங்கள் நீக்குவோம். நீ இங்கிருந்து போகும்போது உன்னிடம் தடுப்பு என்பதே இருக்காது."

கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் குருசுமுத்துவைப் பார்த்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கெய்த்தாவின் பக்கம் திரும்பினார்.

"இவர் கதைக்கிறார். நிறையக் கதைக்கிறார். சந்தோசமா இருக்கிறார். நீ தலையாட்டு."

கெய்த்தா ஆழமாகத் தலை குனிந்தான்.

"எவ்வளவு செறிவான மொழி!" என்றார் ரஸ்க்.

பருவம் தொடங்கியது. கெய்த்தாவை விளையாட விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு வீரனுக்கும் கழகம் ஒரு நிறப் பரீட்சை வைத்து, குணத்துக்கு ஏற்ற நிறம் கொடுக்கும். மேசை கதிரை போல நீ ஒரு தளபாடமாக இருந்தால் என்னவாக இருப்பாய் என்ற கேள்விக்குக் கெய்த்தா "கதவு" என்று பதில் சொல்லியிருந்தான். கதவு தளபாடமா என்று ஆராய ஒரு கூட்டம் தேவைப்பட்டது. முடிவில் அவன் நீலம் என்று தெரிந்தது. பின்வரிசையில் ஏற்கனவே இரண்டு நீலம். மூன்றாவது நீலமும் சேர்ந்தால் பின்வரிசை உணர்ச்சியளவில் குளிர்ந்துவிடுமாம். ஆகவே மிக்கேல் என்ற சிவப்பு விளையாடினான். எதிரணிகள் மிக்கேலின் பக்கத்தாலேயே வந்து கோல் அடித்தன. மிக்கேல் தொடர்ந்து சிவப்பாகவே இருந்தான்.

கழகத்தில் யென்ஸ் என்று ஒரு பயிற்றுநரும் இருந்தார். கெய்த்தாவைக் கூட்டிப்போக வந்த குருசுமுத்துவை ஒருநாள் அவர் வாகனத் தரிப்பிடத்தில் பிடித்தார்.

"பயிற்சியில் இவனைத் தாண்டிக்கொண்டு எங்கள் ஆட்களில் ஒருவனும் போனதில்லை" என்றார் மெதுவாக.

"பிறகு ஏன் போட்டியில் விடவில்லை?"

யென்ஸ் ஆச்சரியப்பட்டார். "ஆட்களைத் தெரிவுசெய்வது நான் இல்லையே. நான் பயிற்றுநர்."

இலையுதிர்காலம் பிறந்தபோது கழகம் கெய்த்தாவிடம் இன்னொரு குறையைக் கண்டுபிடித்தது. அவன் கத்துவதில்லை. தடுப்பாட்டக்காரன் மற்றவர்களைச் சத்தம்போட்டு வழிநடத்த வேண்டும். இது ஓரளவு உண்மைதான். கெய்த்தாவுக்கும் அது தெரியும். டேனிஷில் எதைக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க நான்கு சொற்கள் போதும். கழகம் அவனை மனவளப் பயிற்சியாளர் பெர்ணிலவுடன் காட்டுக்கு அனுப்பியது.

வெள்ளைச் சால்வை போர்த்திய பெர்ணில அவனை ஒரு பீச் மரத்தின் முன்னால் நிறுத்தினாள். "உன் கோபத்தை இந்த மரத்துக்குக் கொடு. உனக்குள் அடைபட்டிருக்கும் ஜப்பானியனை வெளியே விடு."

கெய்த்தா மரத்தைப் பார்த்தான். மரம் அவனுக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. அவன் அதற்குக் குனிந்து வணக்கம் வைத்தான். பெர்ணில தானே கத்திக் காட்டினாள். நாயோடு நடந்துவந்த பெண் ஒருத்தி, அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கெய்த்தாவிடம் கேட்டாள். கழகத்துக்குக் கிடைத்த மதிப்பீட்டில், வீரன் மரத்துடன் நல்லுறவை ஏற்படுத்திக்கொண்டான், ஆனால் அதை ஆதிக்கம் செய்யத் தயங்குகிறான் என்று இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்த கெய்த்தா சாப்பிடாமல் அறைக்குள் போனான். அமலராணி கோப்பையோடு கதவைத் தட்டினாள். அவன் கட்டிலில் இருந்தபடி விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடு தம்பி" என்றாள் தமிழில். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்றாள்.

சனிக்கிழமை, நிலவறையில் இருந்த பெரிய ஃபிரீசரை மேலே குசினிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலவறைச் சுவர் ஈரம் கசியத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்த மீனையும் முருங்கைக்காயையும் வெளியே எடுக்க அமலராணி சம்மதிக்கவில்லை. உருகிப்போகுமாம். ஆகவே நிறைந்த ஃபிரீசரைக் கீழ்ப்பக்கம் குருசுமுத்துவும் மேல்பக்கம் கெய்த்தாவும் தூக்கினார்கள். அமலராணி படியின் உச்சியில் நின்று நடத்தினாள்.

"உங்காலை, உங்காலை! தம்பி, விடாதை! பின்னாலை பார்! இஞ்சருங்கோ, நீங்கள் என்ன திருநாளிலை மாதா சுருவம் தூக்கிற மாதிரி ஆடி ஆடி வாறியள்? ஏறுங்கோ! தம்பி, விடாதை, விடாதை!"

நடுப்படியில் குருசுமுத்துவின் பிடி வழுக்கியது. அவர் பிள்ளைப்பருவத்திலிருந்தே இப்படித்தான். உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன மன்னார்க் கரையில் பிறந்தும் அதில் பந்து பொறுக்குகிற வேலையைத் தாண்டி முன்னேறாதவர். ஃபிரீசர் அவர் நெஞ்சில் சாய்ந்தது.

"விடாதை!" என்று அலறினாள் அமலராணி.

கெய்த்தா விடவில்லை. பல்லைக் கடித்து, முதுகை வளைத்து, அந்த முழுப் பாரத்தையும் இழுத்து மேல்படியில் ஏற்றினான். பிறகு மூச்சு வாங்கியபடி யூலியானாவிடம், அம்மா கத்தின சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். உங்காலை என்றால் அந்தப் பக்கம், விடாதை என்றால் பிடியை விடாதே என்று அவள் டேனிஷில் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அமலராணியின் இழுவையோடு, அதே சுருதியில்.

திங்கட்கிழமைப் பயிற்சியில் மிக்கேலின் பக்கத்தால் பந்து வந்தபோது, பின்னால் நின்ற கெய்த்தா வாயைத் திறந்தான்.

"விடாதை!"

மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மிக்கேல் பயந்துபோய், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எதிராளியை விடாமல் மறித்தான். "உங்காலை! பின்னாலை பார்!" என்று கெய்த்தா தொடர்ந்து கத்தினான். அர்த்தம் தெரியாவிட்டாலும் அவன் கையையும் குரலையும் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள்.

கட்டடத்தின் மேல்மாடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ரஸ்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினார். "ஜப்பானியன் வெளியே வந்துவிட்டான்" என்றார். மறுநாள் நிறப் பரீட்சை மறுபடி நடந்தது. கெய்த்தா ஊதாவாகியிருந்தான்.

அடுத்த போட்டியில் அவனை இறக்கினார்கள். கழகம் கோல் வாங்கவில்லை. அதற்கடுத்ததிலும் வாங்கவில்லை. மூன்றாவது போட்டியைப் பார்க்க அமலராணியும் போனாள். பின்வரிசையிலிருந்து குரல் கேட்டதும் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

"ஐயோ மாதாவே, என்ரை தொண்டை மாதிரியே கத்துது பிள்ளை."

அன்று போட்டி முடிந்ததும் குருசுமுத்து ரஸ்க்கிடம் போனார். "மிஸ்டர் ரஸ்க், அந்தச் சொல் ஜப்பான் இல்லை. எங்கள் மொழி. தமிழ்."

ரஸ்க் அவர் தோளில் கை வைத்தார். "நீங்கள் அவனை உங்கள் சொந்தப் பிள்ளையாக உணர்கிறீர்கள். இதைத்தான் நாங்கள் விரும்பினோம்."

இரண்டாம் தடவை சொன்னபோது, "மொழியியல் என் துறை இல்லை, குருசுமுத்து. உங்கள் துறையும் இல்லை" என்றார். மூன்றாம் தடவை அவரைப் பெர்ணிலவிடம் அனுப்பினார்கள். மற்றவர்களுடைய வெற்றியைத் தன்னுடையதாக எண்ணும் மனநிலையைப் பற்றி அவள் கனிவோடு பேசினாள். நல்லவேளையாக மரம் எதுவும் தரவில்லை.

இதற்கிடையில் ஜப்பானிய முறை வளர்ந்துகொண்டிருந்தது. நடைபாதைச் சுவரில் "விடாதை" என்று ஆளுயர எழுத்தில் எழுதினார்கள். பிஞ்சு அணிப் பிள்ளைகளுக்கு அதே சொல் பொறித்த தலைப்பட்டி கொடுத்தார்கள். கோப்பன்ஹேகனில் கழகப் பணிப்பாளர்களின் மாநாட்டில் ரஸ்க் உரையாற்றினார்.

"இந்தச் சொல்லின் இறுதியிலுள்ள 'தை' ஜப்பானிய மொழியில் 'பெரிய' என்று பொருள்படும். 'விடா' என்பது லத்தீனில் வாழ்க்கை. ஆகவே பெரிய வாழ்க்கை. ஒரு தடுப்பாட்டக்காரன் தன் சகவீரனிடம் கத்துவது பந்தைப் பற்றி அல்ல. நண்பனே, பெரிய வாழ்க்கை வாழ் என்கிறான். இதை அவனிடமிருந்து வெளியே எடுக்க எங்களுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன."

ஜப்பானியர்கள் லத்தீனை எங்கே சந்தித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாடு வந்துவிட்டது.

கார்த்திகை மாதக் கடைசியில், குளிர்கால விடுமுறைக்கு முந்திய இறுதிப் போட்டிக்காக, ஜப்பானியக் கழகத்தின் பிரதிநிதி ஓனோதெரா வந்தார். ஒரு காலத்தில் கோல் காப்பாளர். இப்போது ஒரு முழங்கால் மடங்காது. கெய்த்தாவைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று பார்த்துச் சொல்ல வந்திருந்தார். வரவேற்பு மண்டபத்தில் தலைப்பட்டி கட்டிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். குருசுமுத்து குடும்பத்தையும் மூலையில் இருத்தியிருந்தார்கள்.

ரஸ்க் இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து, ஓனோதெராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடாதை, ஓனோதெரா சான்!" என்று முழங்கினார். சொன்னபடியே கையை விடவில்லை. பிள்ளைகளும் "விடாதை" என்று கத்தினார்கள்.

ஓனோதெரா கையை மெல்ல உருவிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "நல்ல சொல். எந்த மொழி?"

"உங்களுடையது!"

"இல்லையே."

கெய்த்தா எழுந்தான். முதலில் தன் மொழியில் பிரதிநிதியிடம் சொன்னான். பிறகு, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று, குருசுமுத்துவின் டேனிஷில் சொன்னான்.

"அது நான் இருக்கிற வீட்டுப் பாசை. ஃபிரீசர் தூக்கேக்கை அம்மா சொன்னது."

ஓனோதெரா சிரிக்கத் தொடங்கினார். மடங்காத காலை நீட்டிக் கதிரையில் விழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். மூலையில் அமலராணியும் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் ரஸ்க்கின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தார்கள்.

அன்று பின்னேரமே அவசரக் கூட்டம் நடந்தது. குருசுமுத்துவை அழைத்தார்கள்.

"எங்கள் வீரனின் ஜப்பானியத் தன்மையைக் கழகத்துக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறீர்கள்" என்றார் ரஸ்க்.

"நான் உங்களுக்குச் சொன்னேன். மூன்று தடவை."

"சொன்னீர்கள். நாங்கள் நம்பும்படி சொல்லவில்லை. பொறுப்பை ஏற்பது உங்கள் பண்பாட்டில் எப்படியோ தெரியாது. எங்கள் பண்பாட்டில் அவரவர் தன் தவறை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்."

கெய்த்தாவைப் பெற்றோல் நிலையத்துக்கு மேலேயுள்ள ஹோட்டலுக்கு மாற்றினார்கள். அவன் சாமான்களை எடுக்க வந்தபோது அமலராணி ஒரு பெட்டி நிறையப் பொரித்த மீன் கொடுத்தாள். நிறப் பரீட்சை இன்னொரு தடவை நடந்தது. அவன் மறுபடியும் நீலம். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கான ஆட்களில் அவன் பெயர் இருக்கவில்லை. வாங்கிலும் இருக்கவில்லை.

அன்று காலை யென்ஸ், குருசுமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பெரிய போட்டி நடக்கும் அதே நேரம் மூன்றாம் மைதானத்தில் எங்கள் இரண்டாம் அணி விளையாடுகிறது. அங்கே நிறம் பார்ப்பதில்லை. கெய்த்தாவை அதில் போட்டிருக்கிறேன். ஜப்பான்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்."

மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாம் மைதானத்தில் இருக்கைகள் இல்லை. கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றோரம் சில தாய் தகப்பன்மார், ஒரு நாய், குருசுமுத்து, அமலராணி, யூலியானா. போட்டி தொடங்கிய பிறகு, சேற்றில் காலை இழுத்து இழுத்து ஒருவர் வந்தார். ஓனோதெரா. விருந்தினர் மாடத்தில் இறால் சாண்ட்விச்சையும், ரஸ்க்கின் உரையையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் கழுத்தில் விருந்தினர் அட்டை இன்னும் தொங்கியது.

எதிரணியில், காயம் ஆறி வந்த முன்னாள் முதல் பிரிவு வீரன் ஒருவன் முன்வரிசையில் நின்றான். சுற்றி நின்ற பெடியன்களைத் தட்டிவிட்டபடி வந்தவன், கெய்த்தாவிடம் வந்ததும் பந்தில்லாமல் நின்றான். மறுபடி வந்தான். மறுபடியும் பந்தில்லை. கெய்த்தா சேற்றில் சறுக்கிப் பந்தை எடுத்தான், பின்னால் ஓடி எடுத்தான், கடைசியில் வருமுன்னே போய் நின்று எடுத்தான். சுற்றியிருந்த பையன்களை மூன்று மொழிகளிலும் கத்தி இழுத்தான். ஓர் உயரப் பந்துக்கு இருவரும் எழும்பி மோதியதில் அவன் புருவம் பிளந்து இரத்தம் வழிந்தது. மத்தியஸ்தர் வெளியே போ என்றார். ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு உடனே திரும்பி வந்தான்.

அமலராணி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய மைதானத்திலிருந்து எதிரணி ரசிகர்களின் ஆரவாரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. பிறகு மறுபடியும்.

"உங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்று ஓனோதெரா ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாப்பிட்டவன்" என்றார் குருசுமுத்து. "இப்ப ஹோட்டலிலை பாண்."

ஓனோதெரா தலையாட்டினார். போட்டி முடிந்ததும் கயிற்றுக்குக் கீழால் குனிந்து, மடங்காத காலோடு சேற்றுக்குள் நடந்து போய்க் கெய்த்தாவிடம் ஏதோ சொன்னார். நீண்ட வசனம் இல்லை. கெய்த்தா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான்.

"வேணாம் எண்டிட்டாரோ?" என்று பதறினாள் அமலராணி.

யூலியானா பார்த்துக்கொண்டே நின்றாள். "இல்லை அம்மா" என்று தமிழில் சொன்னாள். "எடுத்திட்டார்."

கழகம் பிரியாவிடைச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்தது. "இந்த வீரனை நாங்கள் உருவாக்கினோம்" என்றார் ரஸ்க். "எங்களிடம் வந்தபோது அவன் வெறும் தடுப்பாட்டக்காரன். இப்போது அவன் ஒரு பயணம்." பிறகு கெய்த்தாவைப் பேசச் சொன்னார்கள். புருவத்தில் தையலோடு அவன் எழுந்தான்.

"இங்கை கூட்டம் நிறைய. ஆட்டம் கொஞ்சம். கோல்டிங் வீடு நல்லம். நன்றி."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு நேர்மையாகப் பேச ஓர் ஆசியனுக்குக் கற்றுக் கொடுத்தது தங்கள் கழகம் என்று ரஸ்க் கண் கலங்கினார். சுவரிலிருந்த பழைய சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் "கூட்டம் நிறைய" என்று எழுதினார்கள்.

இளவேனிலில் கெய்த்தா ஜப்பானில் விளையாடத் தொடங்கினான். இரண்டாவது போட்டியில் அவன் தவறால் ஒரு கோல் விழுந்தது. அடுத்ததில் வாங்கில் இருத்தினார்கள். அதற்கடுத்ததில் திரும்ப இறக்கினார்கள். பிறகு அவனை அணியிலிருந்து நீக்கவேயில்லை. அங்கே பின்னேரம் நடக்கிற போட்டி இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். அமலராணி புட்டு அவித்துக்கொண்டே பார்த்தாள். சலூன் கதிரை சும்மா கிடப்பதாக அவன் அப்பா இப்போதும் சொல்லுகிறாராம். ஆனால் இப்போது பெருமையாகச் சொல்லுகிறாராம்.

ஹெஸ்டலுண்ட் கழகம் அந்தக் கோடையில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குருசுமுத்துவுக்கும் அழைப்பு வந்தது. வீரனை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கழகம் அங்கத்துவம் கொடுப்பது வழக்கம். குடும்பத்தை நீக்கியவர்கள் அங்கத்துவத்தை நீக்க மறந்துபோனார்கள்.

"உங்களுக்கு அங்கை என்ன அலுவல்?" என்று அமலராணி கேட்டாள்.

"ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

தனியே விட மனமில்லாமல் அவளும் காரில் வந்து வெளியே காத்திருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ரஸ்க் பேசினார். "நாங்கள் கீழே இறங்கவில்லை. வேருக்கு அருகில் சென்றிருக்கிறோம். மேலே இருப்பவர்களுக்கு வேர் தெரியாது. இந்த இடத்தை அடைய எத்தனையோ கழகங்களுக்குத் துணிவில்லை." அவரைத் தலைமைப் பணிப்பாளராக உயர்த்தும் பிரேரணை வந்தது. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தும்படி தலைவர் கேட்டார். மண்டபம் முழுவதும் கை. யென்ஸின் கையும் இருந்தது, தோளுக்கு மேலே போகாமல்.

"எதிர்ப்பவர்கள்?" என்று தலைவர் ஒரு வழக்கத்துக்காகக் கேட்டுவிட்டுக் கோப்பியை எடுத்தார்.

குருசுமுத்து கையை உயர்த்தினார்.

தலைவர் கோப்பியைக் கீழே வைத்தார். "கேள்வி உங்களுக்கு விளங்கவில்லைப் போலிருக்கிறது. ஆதரிப்பவர்கள் உயர்த்தியாயிற்று. இப்போது எதிர்ப்பவர்கள்."

"விளங்கியது" என்றார் குருசுமுத்து தன் டேனிஷில்.

"கழகத்தின் சரித்திரத்தில் இப்படியான தீர்மானங்கள் ஒருமனதாகத்தான் நிறைவேறியிருக்கின்றன."

"சரி."

"கையை இறக்கினால் இதுவும் அப்படியே நிறைவேறும்."

"ஓம், தெரியும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரஸ்க் கனிவாகப் புன்னகைத்தபடி காத்திருந்தார். குருசுமுத்து இறக்கவில்லை. கை சோர்ந்தபோது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கடைசியில் தலைவர் மற்ற விடயங்களுக்குப் போனார்.

வெளியே வந்து காரில் ஏறினார்.

"என்ன நடந்தது?" என்றாள் அமலராணி.

"அவரைப் பெரியாளாக்கிப் போட்டினம். எல்லாரும் ஆதரவு. ஒராள்தான் எதிர்ப்பு."

"ஆர் அந்த விசரன்?"

"நான்தான்."

அமலராணி கார்த் திறப்பைத் திருப்பாமல் அவரைப் பார்த்தாள். "அதாலை என்னத்தைக் கண்டியள்?"

குருசுமுத்து யோசித்துப் பார்த்தார்.

"கன நேரம் தூக்கி வைச்சிருந்தனான்" என்றார். "கை நோகுது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் "உங்களோடை ஒரு கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்துவிட்டபடியே காரைக் கிளப்பினாள்.